பிறைக் கணக்கில் இரண்டு கணக்கு

ஆகஸ்ட் மாதத்து மாலையொன்றில் மூதூர்க் கரையில் நின்று மேற்கே பார்த்தால், கொட்டியாரக் குடாவின் தண்ணீருக்கு மேலாக, கிண்ணியாப் பக்கம் சூரியன் இறங்குவது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கத்து வானத்தை முகிலால் மூடியிருக்கும் காலம் அது. நம் பக்கமோ கச்சான் காற்று. வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். அந்த நாட்களில் ரமழான் இருபத்தொன்பது வந்துவிட்டால் கரையெல்லாம் ஆட்கள். வாயில் பேரீச்சம்பழம், கண் வானத்தில்.

"கண்டியா மச்சான்?"

"அந்தத் தென்னைக்கு வலப்பக்கம் பாருங்க... ஒரு கீறு மாதிரி."

"எனக்கு ஒண்டும் தெரியல்லடா."

இதற்குள் கைபேசி அடிக்கும். "கிண்ணியாவில கண்டாச்சாம்" என்று ஒரு செய்தி. அடுத்த நிமிடம் இன்னொன்று: "இண்டைக்குத் தெரியவே மாட்டுதாம், கணக்குச் சொல்லுதாம்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது செய்தியைப் பற்றியது. 'கணக்குச் சொல்லுது' என்கிறோமே, எந்தக் கணக்கு? அதைச் செய்தவர் யார், எதை வைத்துச் செய்தார், எவ்வளவு தூரம் நம்பலாம்? பிறை விடயத்தில் மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. அதில் நான் கைவைக்கவில்லை. ஆனால் 'கணக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு பொருட்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். அதைப் பிரித்துக் காட்டினால் நம் பெருநாள் வாதங்களில் பாதிச் சூடு தணியும் என்பது என் எண்ணம்.

இரண்டு கணக்குகள்

முதலாவது, சந்திரன் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. 2013 ஆகஸ்ட் 7 ஆம் திகதி புதன்கிழமையை எடுத்துக்கொள்வோம். அன்று மாலை கிண்ணியாவில் பிறை கண்டதாகச் செய்தி வந்ததும், தேசிய அறிவிப்பு வெள்ளிக்கிழமை பெருநாள் என்றதும், கிண்ணியாவில் பலர் வியாழனன்றே பெருநாள் கொண்டாடியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று அதிகாலை இலங்கை நேரம் 3.21 மணிக்கு அமாவாசைக் கணம் கடந்தது. திருகோணமலையில் சூரியன் மறைந்தது மாலை 6.24 அளவில். ஆகவே சூரியன் மறையும்போது சந்திரனின் வயது சுமார் 15 மணித்தியாலம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கிரகணத்தை நிமிடம் தவறாமல் முன்கூட்டிச் சொல்கிறார்களே, அதே கணக்குத்தான் இது.

இரண்டாவது, அப்படி நிற்கும் சந்திரன் மனிதக் கண்ணுக்குத் தெரியுமா என்ற கணக்கு. இது வேறு இனம். வானியல் விதியிலிருந்து நேராக இறங்கி வந்ததல்ல. உலகின் பல இடங்களில் பல காலங்களில் பிறை பார்த்தவர்கள் "கண்டேன்", "காணவில்லை" என்று எழுதிவைத்த பதிவுகளைத் திரட்டி, அவற்றுக்குப் பொருந்தும்படி அமைத்த சமன்பாடு அது. அதாவது முதல் கணக்கு சந்திரனைப் பற்றியது. இரண்டாவது கணக்கு பிறை பார்த்த மனிதர்களைப் பற்றியது. அந்தச் சமன்பாடும் ஒரு வகையில் சாட்சிகளால் ஆனதுதான்.

வயது மட்டும் போதுமா?

தெரியுமா என்பதை எது தீர்மானிக்கிறது? பொதுவாக நாம் கேட்பது, "பிறைக்கு எத்தனை மணித்தியாலம்?" என்பதுதான். ஒரேயொரு எண்ணை வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறோம். 1990 மே மாதத்தில் அமெரிக்காவில் ஸ்டீபன் ஓமெயரா என்ற அனுபவமிக்க அவதானிப்பாளர் 15 மணி 32 நிமிட வயதுப் பிறையை வெறுங்கண்ணால் கண்டதாகப் பதிவு உண்டு. கிண்ணியாவின் அந்த மாலையில் வயது 15 மணி. வித்தியாசம் அரை மணித்தியாலம்தான். வயதை மட்டும் பார்த்தால், "அவருக்குத் தெரிந்தது இவர்களுக்கு ஏன் தெரியக்கூடாது?" என்ற கேள்வி நியாயமாகவே எழும்.

ஆனால் வயது ஒரு மோசமான அளவுகோல். சந்திரன் பூமிக்கு அண்மையில் இருக்கும்போது வேகமாக ஓடும். தூரத்தில் இருக்கும்போது மெதுவாக ஊரும். 20 மணித்தியால வயதில், ஒரு மாதம் அது சூரியனைவிட்டு ஏறத்தாழ 12 பாகை விலகியிருக்கலாம். இன்னொரு மாதம் 9 பாகைதான். விலகிய தூரம் ஒன்றாக இருந்தாலும் எந்தப் பக்கம் விலகியது என்பது முக்கியம். சூரியனுக்கு நேர் மேலே நிற்கும் பிறை இருட்டும்வரை தாக்குப்பிடிக்கும். பக்கவாட்டில் விலகிய பிறையோ சூரியனோடு சேர்ந்தே அடிவானத்துக்குள் போய்விடும்.

ஆகவே குறைந்தது இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான உயர வித்தியாசம். மற்றது, அடிவான ஓரமாகச் சந்திரன் பக்கத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற பக்க விலகல். இரண்டையும் பாகையில் சொல்வோம். கையை நீட்டிச் சின்னவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 பாகை. பொத்திய கை சுமார் 10 பாகை.

ஒரே அளவு போதாது என்பது நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. சூரியனுக்கும் சந்திரனுக்கும் மறைவதில் 12 பாகை, அதாவது 48 நிமிட, இடைவெளி இருந்தால் பிறை தெரியும் என்ற பழைய விதி இந்தியச் சித்தாந்த நூல்களிலும் ஆரம்பகால அறபு வானியலிலும் இருந்தது. பக்தாதில் பணியாற்றி கி.பி. 901 இல் மறைந்த தாபித் இப்னு குர்ராவும், 929 இல் மறைந்த அல்பத்தானியும் அந்த ஒற்றை எண்ணோடு நிற்கவில்லை. வேறு அளவுகளையும் சேர்த்துக் கணிக்க முயன்றார்கள்.

ஐந்து எண்களும் ஒரு சமன்பாடும்

இனிச் சமன்பாடு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். க.பொ.த. சாதாரண தரக் கணிதம் போதும். கல்குலேட்டரும் ஒரு தாளும் இருந்தால் வாசகரே செய்து பார்க்கலாம்.

ஜெர்மனியரான கார்ல் ஷொக் தயாரித்த ஓர் அட்டவணையை இந்திய வானியல் பஞ்சாங்கம் பயன்படுத்தியது. பக்க விலகல் இவ்வளவு என்றால், பிறை தெரிய ஆகக் குறைந்தது இவ்வளவு உயர வித்தியாசம் வேண்டும் என்று அது சொல்கிறது:

பக்க விலகல் 0 பாகை: உயரம் 10.4 பாகை
பக்க விலகல் 5 பாகை: உயரம் 10.0 பாகை
பக்க விலகல் 10 பாகை: உயரம் 9.3 பாகை
பக்க விலகல் 15 பாகை: உயரம் 8.0 பாகை
பக்க விலகல் 20 பாகை: உயரம் 6.2 பாகை

பக்கத்தில் தள்ளித் தள்ளிப் போகப் பிறை தடிக்கும். ஆகவே குறைந்த உயரத்திலேயே தெரியும். இதுதான் இந்த எண்களின் பொருள். ஆனால் நமக்கு வேண்டிய நாளில் பக்க விலகல் 7.6 பாகை என்றால்? அட்டவணையில் அது இல்லை. அதற்குத்தான் சமன்பாடு.

முதலில் நேர்கோடு ஒன்றைப் பொருத்திப் பார்ப்போம். வசதிக்காக 0, 5, 10, 15, 20 என்பவற்றை −2, −1, 0, 1, 2 என்று மாற்றிக்கொள்வோம். இதைப் 'படி' என்போம். ஐந்து உயரங்களின் சராசரி 8.78. சாய்வைக் காண, ஒவ்வொரு உயரத்தையும் அதன் படியால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: −20.8, −10.0, 0, 8.0, 12.4. மொத்தம் −10.4. படிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. வகுத்தால் −1.04. ஆகவே நேர்கோடு:

உயரம் = 8.78 − 1.04 × படி

இது எவ்வளவு பொருந்துகிறது? கோடு சொல்வது 10.86, 9.82, 8.78, 7.74, 6.70. அட்டவணையிலிருந்து இவற்றைக் கழித்தால் வரும் மீதிகள் −0.46, +0.18, +0.52, +0.26, −0.50. இந்த மீதிகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு ஓரத்திலும் கழித்தல், நடுவில் கூட்டல். மீதியில் ஒழுங்கு தெரிந்தால் ஏதோவொன்றை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இங்கே விட்டது வளைவு.

ஆகவே இரண்டாவது மாறியொன்றைச் சேர்ப்போம்: படியின் வர்க்கம். வர்க்கங்கள் 4, 1, 0, 1, 4. அவற்றின் சராசரி 2. சராசரியைக் கழித்தால் 2, −1, −2, −1, 2. முன்போலவே உயரங்களை இவற்றால் பெருக்கிக் கூட்டினால் −3.4. இந்த எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 14. வகுத்தால் −0.243. இப்போது சமன்பாடு:

உயரம் = 8.78 − 1.04 × படி − 0.243 × (படியின் வர்க்கம் − 2)

மீதிகள் இப்போது +0.03, −0.06, +0.03, +0.02, −0.01. மீதிகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தால், நேர்கோட்டுக்கு 0.83 ஆக இருந்தது இப்போது 0.006. ஒழுங்கும் மறைந்துவிட்டது.

இந்த மூன்று குணகங்களுக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேறு எந்த மூன்று எண்களைப் போட்டாலும் அந்த 0.006 இலும் பெரிய தொகைதான் வரும். மீதிகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை ஆகக் குறைவாக வரும்படி குணகங்களைத் தெரிவதை இழிவு வர்க்க முறை என்பார்கள். 1805 இல் பிரான்சின் லெஜாந்தர் இதை முதலில் அச்சிட்டார். 1809 இல் ஜெர்மனியின் கவுஸ், தான் அதற்கு முன்பே பயன்படுத்தி வந்ததாக எழுதினார். இருவருக்குமே வேலை வானத்தில்தான் இருந்தது: வால்வெள்ளிகள், சிறுகோள்கள், அவற்றின் பாதைகள். மாறிகள் பல சேரும்போது இதையே பல்கலைக்கழகத்தில் பல்மாறிப் பிற்செலவு என்று படிப்பிக்கிறார்கள். மாறிகள் இரண்டானாலும் இருபதானாலும் தத்துவம் நாம் மேலே செய்ததுதான்.

ஒரு வீட்டுச் சாட்சிகள்

"அப்படியானால் வயது, மறையும் இடைவெளி, சூரியனிலிருந்து தூரம், உயரம் எல்லாவற்றையும் போட்டுவிடலாமே?" என்று கேட்கலாம். போடலாம், ஆனால் பலன் குறையும். காரணத்தை நம் ஊர் வழக்கிலேயே சொல்கிறேன்.

ஒரே வீட்டில் மூன்று பேர் வந்து "பிறை கண்டாச்சு" என்கிறார்கள். விசாரித்தால், உண்மையில் பார்த்தது மூத்தவர் மட்டும். மற்ற இருவரும் அவர் சொல்லக் கேட்டவர்கள். இது மூன்று சாட்சியாகுமா? ஆகாது. வயதும் சூரியனிலிருந்தான தூரமும் மறையும் இடைவெளியும் அப்படித்தான். ஒன்று கூடினால் மற்றதும் கூடும். மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டால், எந்தக் குணகத்தை எந்த மாறிக்குக் கொடுப்பது என்று கணக்கு தடுமாறும். இரண்டு பதிவுகளை நீக்கினாலே குணகங்கள் தலைகீழாக மாறலாம். நல்ல சமன்பாட்டுக்கு வேண்டியது ஒன்றையொன்று சாராமல் புதுச் செய்தி தரும் மாறிகள். மேலே வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழித்ததும் அதற்குத்தான்: அப்படிச் செய்ததால், இரண்டாவது மாறி வந்தபோதும் சராசரியான 8.78 மாறவில்லை, சாய்வான 1.04 உம் மாறவில்லை.

பிரித்தானிய வானியலாளர் பெர்னாட் யாலொப் 1997 இல் செய்த திருத்தம் இந்த வழியிலானது. பக்க விலகலுக்குப் பதிலாக அவர் பிறையின் தடிப்பை எடுத்துக்கொண்டார். கண்ணுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது தடிப்புத்தானே. தடிப்பைக் கலையில் அளப்பார்கள். 60 கலை ஒரு பாகை. அவருடைய சமன்பாடு:

தேவையான உயரம் = 11.8371 − 6.3226 × தடிப்பு + 0.7319 × தடிப்பின் வர்க்கம் − 0.1018 × தடிப்பின் கனம்

தடிப்பு 0.2 கலை என்றால் 10.6 பாகை உயரம் வேண்டும், 0.5 கலைக்கு 8.8 பாகை; 1 கலைக்கு 6.1 பாகை போதும். உண்மையான உயரத்திலிருந்து தேவையான உயரத்தைக் கழித்து 10 ஆல் வகுத்தால் வரும் எண்தான் யாலொப் எண். +0.216 இலும் கூடினால் எளிதில் தெரியும். −0.014 வரை, வானம் மிகத் தெளிவாக இருந்தால் தெரியும். −0.160 வரை, தேடிப் பிடிக்கத் தொலைநோக்கு உதவி வேண்டியிருக்கலாம். −0.232 வரை, தொலைநோக்கால் மட்டும் தெரியும். −0.293 இலும் குறைந்தால் எதனாலும் தெரியாது என்பது கடைசி வகுப்பு. இந்த எல்லைகளை அவர் 295 அவதானிப்புகளை வைத்து வகுத்தார். பின்னர் 2004 இல் ஜோர்தானின் முஹம்மத் ஒளதா 737 அவதானிப்புகளைத் திரட்டி இதே வடிவச் சமன்பாட்டைப் புதுப்பித்தார். இன்று இணையத்தில் வரும் வண்ணமிட்ட பிறை வரைபடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருபவை.

கிண்ணியா, 2013 ஆகஸ்ட் 7

அந்த மாலைக்கு வருவோம். முதல் கணக்கின்படி, சூரியன் மறையும்போது உயர வித்தியாசம் சுமார் 4 பாகை. பக்க விலகல் சுமார் 7.6 பாகை. தடிப்பு சுமார் 0.17 கலை. சந்திரன் அன்று தூரத்தில், மெதுவாக ஓடும் பகுதியில் இருந்தது. விலகியதும் மேலே அல்ல, தெற்குப் பக்கமாக. சூரியன் மறைந்து கால் மணித்தியாலத்துக்குள் அதுவும் மறைந்தது.

நாம் கையால் செய்த சமன்பாட்டில் 7.6 பாகையைப் போடுங்கள். படி −0.48. தேவையான உயரம் 9.7 பாகை. இருந்ததோ 4. யாலொப் சமன்பாட்டில் போட்டால் தேவை 10.8, எண் ஏறத்தாழ −0.67. கடைசி எல்லையான −0.293 இலிருந்தும் சுமார் 4 பாகை கீழே. ஓமெயராவின் பிறையையும் இதையும் வயது ஒன்றாக்கியது. இரண்டு மாறிகள் பிரித்துவிட்டன.

அப்படியானால் கண்டதாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன், எழுதவும் தேவையில்லை. நல்ல மனிதரின் கண்ணும் ஏமாறும். வரலாற்று நூல்கள் சொல்லும் ஒரு சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் பிறை தெரிகிறது என்றார்கள். கூட நின்ற வேறு யாருக்கும் தெரியவில்லை. காழி இயாஸ் இப்னு முஆவியா அன்னாரின் புருவத்திலிருந்து கண்ணுக்கு முன் வளைந்து நின்ற ஒரு நரைமுடியை மெதுவாகத் தடவிச் சரிசெய்துவிட்டு, "இப்போது காட்டுங்கள்" என்று கேட்டார். இப்போது தெரியவில்லை என்றார்கள். நபித்தோழரின் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தவறு முடியில்தான் இருந்தது.

இதே விடயத்தை டொகெட், ஷேஃபர் என்ற இரு வானியலாளர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பிறை பார்க்க வைத்துச் சோதித்து, 1994 இல் வெளியிட்டார்கள். தெரிய வாய்ப்பில்லாத இடத்தில் "கண்டேன்" என்றவர்கள் சுமார் 15 வீதம். அவர்களுக்குப் பெருநாளும் இல்லை, கட்சியும் இல்லை. பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. முகில் ஓரம், விமானம் விட்டுச் சென்ற புகைக்கோடு, ஆவலோடு தேடும் கண் எல்லாம் சேர்ந்து ஒரு கீறு வரைந்துவிடும்.

சமன்பாட்டுக்குத் தெரியாதவை

இதுவரை வாசித்துவிட்டு, "பார்த்தீர்களா, கணக்குத்தான் சரி" என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். சமன்பாட்டின் குறையையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை.

1910 இல் ஃபொதரிங்ஹாம் என்ற ஆங்கிலேயர் 76 அவதானிப்புகளை வைத்து ஒரு எல்லைக்கோடு போட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஏதென்ஸ் நகரில் யூலியஸ் ஷ்மிட் பார்த்தவை. அடுத்த ஆண்டே மோண்டர் என்பவர் கிட்டத்தட்ட அதே பதிவுகளை எடுத்து, கோட்டைக் கீழே இறக்கினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: கோட்டுக்கு மேலே ஒருவர் "காணவில்லை" என்றால் முகில், புகார், கவனக்குறைவு என்று பல காரணம் இருக்கலாம், கோட்டுக்குக் கீழே தேர்ந்த ஒருவர் தெளிவாகக் கண்டிருந்தால் அந்த ஒரு காட்சியே கோட்டை அசைக்கப் போதாதா? ஒரே தரவு, இரண்டு கோடு. எந்த மீதிக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவு.

இன்னொன்று. யாலொப்பின் 295 பதிவுகளில் 166 எளிதில் தெரியும் வகுப்பைச் சேர்ந்தவை. யாருக்கும் தகராறில்லாத மாலைகள் அவை. தொலைநோக்குக்கும் தெரியாத எல்லையை ஒட்டிய ஒரு வகுப்பில் வெறும் 4 பதிவுகள். நாம் சண்டை போடும் இடத்தில்தான் சமன்பாட்டுக்குச் சாட்சி குறைவு. அதோடு, ஏதென்ஸ் வானம் வேறு. கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்று வேறு. நம் கரையிலிருந்து எத்தனை பதிவு அந்தச் சமன்பாடுகளுக்குள் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே சமன்பாட்டின் சொல்லுக்கு எல்லா மாலையிலும் ஒரே கனம் இல்லை. எண் −0.67 என்றால், வானம், கண், இடம் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒன்றிரண்டு பாகை விட்டுக்கொடுத்தாலும் அது மாறாது. அங்கே சாட்சியை மிகக் கவனமாக விசாரிக்க வேண்டும். எண் 0 ஐச் சுற்றி இருந்தால் சமன்பாடே தடுமாறுகிறது. அங்கே "கணக்கு மாட்டேன்கிறது" என்று சொல்லி நேர்மையான சாட்சியைத் தட்டிவிடுவது கணக்கைப் புரியாத பேச்சு.

நம் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் தகிய்யுத்தீன் அஸ்ஸுப்கி (மறைவு ஹிஜ்ரி 756), பிறை தெரிவது சாத்தியமே இல்லை என்று உறுதியான கணக்குக் காட்டும்போது சாட்சியை ஏற்கக்கூடாது என்று கருதினார். சாட்சி தருவது மிகைத்த எண்ணம், கணக்குத் தருவது உறுதி என்பது அவர் வாதம். பிற்கால ஷாபிஈ அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அந்த விவாதத்தை முடித்துவைக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதை இன்று நடத்துபவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்: முன்னால் இருப்பது எந்தக் கணக்கு? சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிட்டது என்பது முதல் கணக்கு, அது உறுதி. யாலொப் எண் −0.1 என்பது இரண்டாவது கணக்கு. அது பலருடைய கண்களின் சராசரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டுக்கும் அநியாயம்.

ஒரு கொப்பி

செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. வருடத்தில் பன்னிரண்டு தடவை இருபத்தொன்பதாம் மாலை வருகிறது. நாம் பார்ப்பது ரமழானிலும் ஷவ்வாலிலும் துல்ஹஜ்ஜிலும்தான். அதிலும் கண்டால்தான் செய்தி. காணாவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேலே பார்த்தோமே, கோட்டைப் போடுவதற்குக் கண்ட மாலையளவுக்குக் காணாத மாலையும் வேண்டும். காணாததை எழுதாத ஊரில் சமன்பாடு பிறக்காது.

மூதூர், கிண்ணியா, தோப்பூர், புல்மோட்டை ஆகிய நான்கு இடங்களில் பள்ளிக்கு ஒரு கொப்பி வைப்போம். மாதந்தோறும் இருபத்தொன்பதாம் மாலை, முப்பதாம் மாலை இரண்டிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் பெரியவர் ஒருவரும் போகட்டும். எழுத வேண்டியது கொஞ்சம்தான்: திகதி, நின்ற இடம், அடிவானத்தில் முகிலா புகாரா வெளிப்பா, கண்டதா இல்லையா, கண்டால் முதலில் தெரிந்த நேரம், கடைசியாகத் தெரிந்த நேரம், கூர் எந்தப் பக்கம் பார்த்தது, வெறுங்கண்ணா தொலைநோக்கா. ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமல் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு வீட்டுச் சாட்சிகளின் கதை ஞாபகமிருக்கட்டும். உயரமும் தடிப்பும் பிறகு கணினியில் எடுத்துக்கொள்ளலாம். அது முதல் கணக்கு, எப்போதும் கிடைக்கும்.

நான்கு இடம், வருடத்துக்கு இருபத்துநான்கு மாலை, பத்து வருடம். மழைக்காலத்து மாலைகளில் பாதியைக் கழித்தாலும் யாலொப்பிடம் இருந்ததைவிடக் கூடிய பதிவு நம் மாவட்டத்தில் மட்டும் சேர்ந்துவிடும். அன்றைக்கு யாராவது "கணக்குச் சொல்லுது" என்றால், அந்தக் கணக்குக்குள் நம் பிள்ளைகளின் கண்களும் இருக்கும். ரமழான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதத்து இருபத்தொன்பதிலேயே தொடங்கலாம்.